நூற்றறுபது சொடுக்கு

ஃபால்க் க்ரீக்கில் யாராவது மானைத் தவறவிட்டுவிட்டு வந்தால் முதலில் சொல்வது "ஸ்கோப் சரியில்லை" என்பதுதான். காற்று, வெயில், கூட வந்த மச்சான் எல்லாம் அதற்கப்புறம். அப்படிச் சொல்கிறவர்களை அக்டோபர் மாதத்தில் லீலண்ட் ப்ரெக்கியிடம் அனுப்பிவைப்பார்கள். இருபத்தோரு வருஷமாக இதுதான் வழக்கம். துப்பாக்கிமேல் மாட்டிக் குறி பார்க்கிற அந்தக் கண்ணாடியை லீலண்ட் தன் அளவுப் பலகைக்கு எதிரே வைத்துப் பார்ப்பார். பத்துக்கு ஒன்பது தடவை அதன்மேல் ஒரு தப்பும் இருக்காது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. கோளாறு அதுக்குப் பின்னாடி நிக்குது" என்று சொல்லித் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்த வாய்க்காகவே எங்களில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் வரிசையில் நிற்போம். எல்க் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை, ஜல்லிக் குழிக்குப் பக்கத்தில் இருக்கும் சுடுகளத்தைத் துப்பாக்கிக் கழகத்தார் ஊருக்கெல்லாம் திறந்துவிடுவார்கள். குளிர்காலத்துக்கு வேண்டிய இறைச்சி முழுவதும் அந்த ஐந்து வார வேட்டையில்தான் வீட்டுக்கு வர வேண்டும். குறி தப்பினால் காட்டில் ஒரு மிருகம் அடிபட்டுக் கிடந்து சாகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால் மான்டானாவில் எங்கள் பக்கத்து ஆட்கள் எத்தனை வீம்பு பிடித்தவர்களாக இருந்தாலும் அந்த ஒரு நாள் மட்டும் அடக்கமாகத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

லீலண்டுக்கு நாற்பத்தைந்து வயது. மாவட்டச் சாலைகளைச் சமன்படுத்தும் வண்டி ஓட்டுகிறார். கோடையில் ஜல்லி, குளிர்காலத்தில் பனி. அவர் செதுக்கிவிட்டுப் போன மண்சாலையில் காபிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டலாம் என்பார்கள். மனைவி கொரின் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் மாரென், வயது இருபத்திரண்டு, கிரேட் ஃபால்ஸில் நர்ஸ் படிப்பு, சனி ஞாயிறுகளில் வீடு. இவ்வளவுதான் குடும்பம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவருடைய பலகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐந்தடி உயரத்தில் பழைய கொட்டகைப் பலகை ஒன்று. வெள்ளை அடித்து, மேலிருந்து கீழாக அங்குலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, அதற்குள் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூல் கணக்கில் சின்னக் கோடுகள். தூக்குக்குண்டு தொங்கவிட்டு, செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, மண்ணில் புதைத்த இரண்டு இரும்புக் கம்பங்களில் முடுக்கியிருக்கிறார். நூறு கஜத்துக்கு இந்தப் பக்கம் சுடுகிறவர்களின் மேஜை. ஸ்கோப்பின் தலையில் ஒரு குமிழ் உண்டு. தூரத்துக்குத் தகுந்தபடி அதைத் திருப்பினால் குறி மாறும். ஒவ்வொரு திருப்புக்கும் ஒரு சொடுக்கு கேட்கும். குமிழ் காட்டுகிற அளவுக்கு உள்ளே கண்ணாடியும் நிஜமாகவே நகர்கிறதா, திருப்பி வைத்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறதா, இவ்வளவுதான் சோதனை. சுட வேண்டியதில்லை. கையால் பிடிக்கவே கூடாது. தோட்டா ஏற்றும் பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியைக் கனமான இரும்பு வைஸில் அசையாமல் இறுக்கிவிட வேண்டும். உள்ளே தெரியும் சிலுவைக்கோட்டைப் பலகையின் உச்சிக்கோட்டில் வைத்துவிட்டு, குமிழை நூற்றறுபது சொடுக்கு திருப்பினால், நூறு கஜத்தில் அந்தச் சிலுவைக்கோடு நாற்பத்திரண்டு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாக இறங்கி நிற்க வேண்டும். நின்றால் நல்ல ஸ்கோப். ஒரு அட்டையில் எழுதி, தேதி போட்டு, துப்பாக்கி வாரில் கட்டிவிடுவார்.

கையே இல்லாத சோதனை என்பதால்தான் லீலண்டுக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கைகளைப் பற்றிப் பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது.

அவருடைய அப்பா ஹால்வர் ப்ரெக்கி ஒரு இலையுதிர்காலத்தில் மூன்று ஸ்கோப் மாற்றினார். லீலண்டுக்கு அப்போது பன்னிரண்டு வயது. முதல் ஸ்கோப் சரியில்லை என்றார். இரண்டாவதைக் கடைக்காரன் மேஜைமேல் வீசிவிட்டு வந்தார். மூன்றாவதையும் குறை சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏனென்றால் அவர் பேசும்போதே வலது கைவிரல்கள் தாமாகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தன. அடுத்த வருஷம் பால் ஜாடியைத் தூக்க முடியவில்லை. பிறகு நடை, பிறகு பேச்சு, பிறகு யார் யாரென்பதே போயிற்று. லீலண்டின் அக்கா ஆர்டிஸுக்கு நாற்பதாவது வயதில் வந்தது. டாக்டர்கள் அந்த நோய்க்கு ஒரு நீளப் பெயர் சொன்னார்கள். வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. "அப்பாவோடது" என்பார்கள், அவ்வளவுதான்.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. நாணயம் சுண்டுகிற கணக்கு. வராது என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்கும் பயமில்லை, அந்தக் கிளையோடு அது முடிந்தது. ஒரு குப்பி ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். ஆர்டிஸுக்கு வந்த நாளிலிருந்து டாக்டர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். லீலண்ட் மாட்டேன் என்றுவிட்டார். ஊரில் ஒவ்வொருவனின் ஸ்கோப்பையும் நூல் பிசகாமல் அளந்து முகத்துக்கு நேரே சொன்ன மனிதர், தன்னை மட்டும் அளக்க விடவில்லை. கொரின் ஒரு நாளும் வற்புறுத்தியதில்லை. அவளுக்கும் பயம்தான்.

இந்த வருஷம் சமவெளி மான் வேட்டை தொடங்கிய நாள், லீலண்டும் மாரெனும் ஊருக்குக் கிழக்கே புல்மேட்டில் படுத்திருந்தார்கள். முந்நூறு கஜத்துக்கு அப்பால் மான் ஒன்று பக்கவாட்டில் நின்றது. காற்று இல்லை. துப்பாக்கி தன் இரட்டைக்கால் தாங்கியில் நின்றது. லீலண்ட் குமிழைத் திருப்பி, மூச்சை விட்டு, சுட்டார். இதைவிட எளிதான குறியை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. குண்டு ஓரடி கீழேயும் பின்னாலும் போய்ப் பின்னங்காலை முறித்துவிட்டது. மூன்று காலில் ஓடிய மானைத் தேடிக் கண்டுபிடித்து முடித்துவைக்க மதியம் ஆகிவிட்டது.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு அவர் சொன்னார்:

"ஸ்கோப் சரியில்ல."

வாய் அவருடையது, குரல் ஹால்வருடையது.

மாரென் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடும்போது அவள் அவர் பக்கத்தில்தான் படுத்திருந்தாள், பைனாகுலரோடு. என்ன பார்த்தாள் என்று அவர் கேட்கவில்லை.

"சரிப்பா. சனிக்கிழமை உன் பலகையில வெச்சுப் பாரு" என்றாள். "தப்பு ஸ்கோப்மேலன்னா நான் இனிமே வாயே திறக்க மாட்டேன். ஸ்கோப் நல்லா இருந்துச்சுன்னா, திங்கக்கிழமை என்கூட கிரேட் ஃபால்ஸுக்கு வரணும். ரத்தம் கொடுக்கணும். சரியா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். மைல்கல் இரண்டு தாண்டிய பிறகு, "சரி" என்றார்.

அந்த ஒரு வாரத்தை லீலண்ட் எப்படித் தள்ளினார் என்று கேட்டால், கையைப் பார்த்தே தள்ளினார் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கண் விழித்ததும் போர்வையிலிருந்து வலது கையை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பார். ஆடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தால் ஆடுகிற மாதிரி தெரியும். எந்தக் கையையும் அவ்வளவு நேரம் நீட்டி வைத்தால் ஆடத்தான் செய்யும் என்று தமக்கே சொல்லிக்கொள்வார். கோப்பையை இடது கையால் எடுக்கப் பழகினார். சாலை வண்டியில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்தால் இன்ஜின் அதிர்வா தன் அதிர்வா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் பாதி வழியில் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை ராத்திரி, மாரென் வீட்டுக்கு வந்த பிறகு, சாப்பாட்டு மேஜையில் கரண்டி கைநழுவி விழுந்தது. மூன்று பேரும் அந்தக் கரண்டியைப் பார்த்தார்கள். கொரின் குனிந்து எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

ஊரில் ஸ்கோப் கெட்டுப்போயிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்ளாத ஆளில்லை. லீலண்ட் மட்டும் அந்த வாரம் முழுக்கத் தன் ஸ்கோப் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் சுடுகளத்துக்குப் போய்விட்டார். புல்லில் உறைபனி. இந்த வருஷம் மேஜைகளுக்குப் புதிய கான்கிரீட் தளமும் தகரக் கூரையும் வந்திருந்தன. பழைய தளம் வெடித்துப் போயிருந்ததால் ஆகஸ்டில் கழகத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து போட்டது. லீலண்டும் இரண்டு நாள் மண்வெட்டி பிடித்தார். காபிப் பாத்திரத்துக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த டுவேன் ஸ்ட்ரவுட், கழகத்தின் செயலாளர், முப்பது வருஷத்துச் சிநேகிதர், என்னப்பா சேவலுக்கு முன்னாடி வந்துட்டே என்று கேலி செய்தார். லீலண்ட் வைஸை மேஜையில் முடுக்கினார். தன் துப்பாக்கியை அதில் இறுக்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார். சிலுவைக்கோட்டை உச்சிக்கோட்டில் உட்காரவைத்தார். பிறகு குமிழில் கைவைத்தார்.

ஒவ்வொரு சொடுக்கையும் உதடு அசைய எண்ணினார். நூறு வந்தபோது விரல் நுனி மரத்திருந்தது. நூற்றறுபதில் நிறுத்திவிட்டு, கண்ணைக் கண்ணாடியில் வைக்கப் பயந்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.

சிலுவைக்கோடு நாற்பதாவது அங்குலத்தில் நின்றது. சரியாக நாற்பது. கிட்டத்தட்ட இரண்டு அங்குலம் குறைவு.

திருப்பி மேலே கொண்டுபோனார். மறுபடி எண்ணி இறக்கினார். நாற்பது. மூன்றாம் தடவையும் நாற்பது. லீலண்ட் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். டுவேன் ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டபோது, அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "என் ஸ்கோப் குப்பைடா" என்றார். ஸ்கோப் குப்பை என்று இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி டுவேன் கேட்டதில்லை.

அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தார். கொரின் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு அவள் மாரெனைக் கூப்பிடுவதும், அந்தப் பக்கம் யாரோ அழுவதும் கேட்டது. சாயங்காலம் ஆப்பிள் பை செய்கிறேன் என்றாள் கொரின்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பலகையில் நாற்பத்திரண்டுக்கு இரண்டு அங்குலம் பொய் சொல்கிற ஸ்கோப், மான் நின்ற தூரத்துக்குத் திருப்பிய சில சொடுக்குகளில் ஒரு அங்குலம்கூடப் பொய் சொல்லியிருக்க முடியாது. மானின்மேல் குண்டு தப்பியது ஓரடி. இந்தக் கணக்கு லீலண்டுக்கு விரல் நுனியில் இருந்தது. ஊரில் எத்தனையோ பேருக்கு அவரே போட்டுக் காட்டியிருக்கிறார். அன்றைக்கு அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை. ஒரு இடத்தில் கோணலாக இருக்கிற கண்ணாடி குலுங்கினால் இன்னும் கோணலாகும் என்று ஏதோ சமாதானம் சொல்லிக்கொண்டு, டோநட் இரண்டு எடுத்துத் தின்றார்.

ஒன்பது மணிக்கெல்லாம் வண்டிகள் வந்து நிறைந்துவிட்டன. முதலில் வந்தது மிஸஸ் டெல்ஃபீன் ராஷ். எழுபது வயது. புருஷன் போன பிறகு நானூறு மாட்டைத் தனியாக மேய்க்கிறவள். போன வருஷம் எல்க் ஒன்றைத் தவறவிட்டதற்கு லீலண்ட் அவளிடமும் தன் வழக்கமான வசனத்தைச் சொல்லியிருந்தார். அவள் அதை மறக்கவில்லை. புது ஸ்கோப் மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். இந்தத் தடவை என்னைக் குறை சொன்னால் உன் பலகையை விறகாக்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே துப்பாக்கியை நீட்டினாள். லீலண்ட் அவளோடு சேர்ந்து சிரித்தார். வைஸில் இறுக்கினார். நூற்றறுபது சொடுக்கு எண்ணினார். கண்ணை வைத்தார்.

நாற்பது.

அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பதேதான்.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றாள் மிஸஸ் ராஷ்.

"உங்களோடதும் குறையுது, மிஸஸ் ராஷ்" என்றார். குரல் தணிந்திருந்தது. "கொஞ்சம் காபி குடிச்சிட்டு வாங்க. நான் இன்னொரு தடவை பாத்துடறேன்."

அவருடைய ஸ்கோப் ஜப்பான் சரக்கு, பதினொரு வருஷப் பழசு. அவளுடையது வேறு கம்பெனி, போன மாதம் பெட்டி பிரித்தது. இரண்டும் ஒரே நூலில் பொய் சொல்லுமா? வரிசையில் நின்றவர்களைப் பார்க்காமல் லீலண்ட் நேரே டுவேனிடம் போய், உன் துப்பாக்கியைக் கொடு என்றார். டுவேனுடைய ஸ்கோப்பை அவர் பதினைந்து வருஷமாக அளந்து வருகிறார். ஒரு நூல்கூட மாறியதில்லை. போன வருஷத்து அட்டை இன்னும் வாரில் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் கையெழுத்திலேயே: நாற்பத்திரண்டுக்கு ஒரு நூல் குறைவு, திரும்பி வந்தது, நன்று.

அதை இறுக்கி, எண்ணி, பார்த்தார். நாற்பது.

லீலண்ட் மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்த்தார். மேஜைகளுக்குப் பின்னால், வெடித்த பழைய தளத்தின்மேல், மிஸஸ் ராஷின் வண்டி நின்றுகொண்டிருந்தது. பழையதை உடைத்து எடுக்கச் சோம்பல்பட்டு, வண்டி நிறுத்த ஆகட்டுமென்று அதை அப்படியே விட்டுவிட்டு, புதியதை அதற்கு முன்னால், பலகைப் பக்கமாகப் போட்டிருந்தார்கள். அவர் கையால் பரப்பிய கான்கிரீட். பலகையின் கம்பங்கள் இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் புதைத்த இடத்திலேயே இருந்தன.

வண்டியிலிருந்து இரும்பு டேப்பை எடுத்துவந்தார். ஒரு முனையை டுவேனிடம் கொடுத்தார். சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் மேஜையிலிருந்து பலகைவரை அளந்துகொண்டு போனார்கள். தொண்ணூற்றைந்தரைக் கஜம்.

நாலரைக் கஜம் கிட்டே வந்தால் குண்டுக்கு ஒன்றும் ஆகாது. காலையிலிருந்து பக்கத்து மேஜைகளில் சுட்டவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நூற்றறுபது சொடுக்குக்கு அந்த நாலரைக் கஜம்தான் இரண்டு அங்குலம். டுவேன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய தப்புதான், ஆனால் எங்கள் எல்லாருடைய தப்பும்தானே என்றார். அவருக்கு எப்படித் தெரியும், லீலண்டின் முகம் ஏன் அப்படி வெளுத்தது என்று.

ஒவ்வொரு வருஷமும், துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்னால், காபிகூடக் குடிப்பதற்கு முன்னால், லீலண்ட் செய்கிற முதல் காரியம் டேப் பிடித்து அந்த நூறு கஜத்தை அளப்பதுதான். இருபது வருஷம் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கம்பம் எங்கே போய்விடப் போகிறது என்று நாங்கள் சிரித்தாலும் விடமாட்டார். இந்த வருஷம், தளத்தையே மாற்றிப் போட்ட வருஷத்தில், அவர் மறந்துவிட்டார். கொஞ்சமும் ஞாபகம் வரவில்லை. ஹால்வர் ப்ரெக்கிக்குக் கை ஆடத் தொடங்கிய அதே குளிர்காலத்தில்தான், தினமும் இரண்டு வேளை நாற்பது வருஷம் பூட்டிய தொழுவத்துக் கதவை அவர் பூட்ட மறந்தார். டாக்டர் பின்னால் சொன்னார், இரண்டும் சேர்ந்துதான் வரும் என்று.

கையைப் பற்றி மட்டும்தான் லீலண்ட் ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தார். தலையைப் பற்றியும் பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. களத்தின் நடுவில், டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சுற்றிலும் ஊர் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவருக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. ஓடவில்லை. டேப்பைச் சுருட்டினார். மிஸஸ் ராஷிடம் போய், வண்டியைக் கொஞ்சம் எடுங்க என்றார்.

வைஸை மேஜையோடு பழைய தளத்துக்கு மாற்றினார்கள். இப்போது அளந்தார்: நூறு. முதலில் மிஸஸ் ராஷின் ஸ்கோப். நாற்பத்திரண்டுக்கு ஒரு நூல் குறைவு. நூற்றறுபதையும் திருப்பி எண்ணியபோது உச்சிக்கோட்டில் போய் உட்கார்ந்தது. அவர் அவளிடம் ஸ்கோப் நன்றாக இருக்கிறதென்றும், முன்னால் சொன்னது தன் தப்பு என்றும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். இந்த நாளுக்காக அவள் ஒரு வருஷம் காத்திருந்திருக்கிறாள்.

"அப்போ கோளாறு எங்க நிக்குது, லீலண்ட்?" என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்தது. லீலண்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தத் தடவை இங்கதான் நிக்குது, மிஸஸ் ராஷ்" என்றார்.

அவர் சொன்ன விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவள் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வரிசை முழுவதும் முடிந்து, மற்றவர்கள் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தன்னுடையதைக் கடைசியாக எடுத்தார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இறுக்கினார். எண்ணினார். இந்த முறை கண்ணை வைக்கத் தயங்கவில்லை. பதில் தெரிந்த கேள்விதான். நாற்பத்திரண்டுக்கு ஒரு நூல் குறைவு. திருப்பி எண்ணினார். சிலுவைக்கோடு புறப்பட்ட கோட்டில் மயிரிழை பிசகாமல் வந்து நின்றது. இவ்வளவு நல்ல ஸ்கோப்பை அன்றைக்கு அவர் பார்க்கவில்லை.

அட்டையை எடுத்து எழுத உட்கார்ந்தார். பேனாவைக் காகிதத்தில் வைக்கும் முன் வலது கைக் கட்டைவிரல் ஒரு தடவை துள்ளியது. குளிராக இருக்கலாம். அவர் காத்திருந்தார். மறுபடி துள்ளவில்லை. எழுதி, தேதி போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீடு பதினோரு மைல். அந்தப் பதினோரு மைலும் லீலண்ட் சட்டைப் பையிலிருந்த அட்டையைப் பற்றி மட்டும்தான் நினைத்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது. காலையிலேயே போன் செய்தாயிற்று, அழுதாயிற்று, ஆப்பிள் பை அடுப்பில் இருக்கிறது. டுவேன் கொரினிடம் எதையும் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கான்கிரீட் கதையைத்தான் சொல்வார். அட்டையை ஜன்னல் வழியாக விட்டால் காற்று கனடாவரைக்கும் கொண்டுபோய்விடும். இன்னும் ஒரு வருஷம் நிம்மதியாக இருக்கலாம். ஸ்கோப்பை மாற்றுகிறேன் என்று சொல்லிப் புதிது ஒன்று வாங்கலாம். அதற்கப்புறம் இன்னொன்று. மூன்றாவது ஸ்கோப் வரை யோசித்த பிறகுதான் தாம் யாருடைய வழியில் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. ஜன்னலை ஏற்றிவிட்டார்.

சமையலறையில் பட்டை வாசனை. மாரென் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டே தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. கொரின் அவரைப் பார்த்ததும் கைத்துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளை மெல்ல விலக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மாரெனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அவள் எடுத்துப் படித்தாள். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே அந்த அட்டைகளைப் படிக்கத் தெரியும். கொரின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில தூரம் தப்பு" என்றார் லீலண்ட். "அளக்க மறந்துட்டேன்."

மறந்துட்டேன் என்ற வார்த்தையில் மாரென் நிமிர்ந்தாள். ஆர்டிஸ் அத்தையை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"பத்தரைக்கு. போன வாரமே கேட்டு வெச்சுட்டேன். இன்னும் ரத்து பண்ணல." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "பத்தரைக்கு நீ. பதினொண்ணுக்கு நான்."

இந்த ஒரு வாரத்தில் லீலண்டுக்கு இது தோன்றவே இல்லை. தன் கை, தன் தலை, தன் அப்பா என்று சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவருக்கு, மாரென் எதற்காக அந்தப் பேரத்தைப் பேசினாள் என்று இப்போதுதான் புரிந்தது. எனக்கு இல்லையென்று வந்தால் உனக்குத் தேவையே இல்லையே என்றார். அவருக்கே அந்தக் குரல் கெஞ்சுவதுபோலக் கேட்டது.

"தெரியும்ப்பா. அப்படி வந்தா நல்லது. வரலேன்னா, இந்த மாதிரி இன்னொரு வாரம் என்னால இருக்க முடியாது."

கொரின் எழுந்து அடுப்பிலிருந்து ஆப்பிள் பையை எடுத்து மேஜையில் வைத்தாள். யாரும் வெட்டவில்லை. மாரென் இன்னும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லீலண்ட் அவள் கையைப் பார்த்தார். அசையாமல்தான் இருந்தது. அது அசையாமல் இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.